கேவண்டிஷின் கடைசி ஐந்து வெற்றிகள்

பிரிட்டனின் சைக்கிளோட்ட வீரர் மார்க் கேவண்டிஷ், 2024 நவம்பர் 10-ஆம் தேதி சிங்கப்பூரில் நடந்த பந்தயத்தில் வென்ற கையோடு ஓய்வு பெற்றார். அப்போது அவருக்கு வயது 39.

டூர் டி பிரான்ஸ் போட்டி 21 கட்டங்களாக நடைபெறும். மொத்தத்தில் குறைந்த நேரம் எடுப்பவரே வெற்றியாளர். அந்தப் பட்டத்தை கேவண்டிஷ் ஒருமுறையும் வென்றதில்லை. சக வீரர்கள் முன்னால் சென்று காற்றைத் தடுக்க, கடைசி 200 மீட்டரில் சீறிப் பாய்ந்து அன்றைய கட்டத்தை வெல்வதே அவரது பலம். மலைப்பாதைகளிலோ நேர வரம்புக்குள் வந்து சேர்வதே பெரும்பாடு.

2016-இல் 30 கட்ட வெற்றிகளை எட்டியவரை, எப்ஸ்டீன்-பார் கிருமித் தொற்றும் மனச்சோர்வும் முடக்கிப்போட்டன. இனி அவ்வளவுதான் என்று பலரும் நினைத்தனர். ஆனால், 2021-இல் நான்கு கட்டங்களை வென்று, பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் வைத்திருந்த 34 வெற்றிச் சாதனையைச் சமன் செய்தார்.

2022 போட்டிக்கு அவரது அணி அவரைச் சேர்க்கவில்லை. 2023-இல் கீழே விழுந்து காறை எலும்பு முறிந்தது. 2024 ஜூலை 3-ஆம் தேதி, 35-வது வெற்றி கிட்டியது.

மெர்க்ஸ் முழுப் போட்டியையும் ஐந்து முறை வென்றவர். அந்த உயரம் வேறு. கேவண்டிஷ் விட்டுச் செல்வது இன்னொரு கணக்கு: அந்த 35-இல் கடைசி ஐந்தும், பலர் அவரைக் கைவிட்ட பிறகு வந்தவை.