முப்பது எண்கள்

1986-ல் ஐதராபாத்தில் சிவில் படித்துக்கொண்டிருந்த எங்கள் நால்வருக்கும் இறுதியாண்டு ப்ராஜெக்டாக வந்தவை முப்பது எண்கள். ஆண்டுக்கு ஒன்று, அந்த ஆண்டில் ஒரே நாளில் கொட்டிய அதிகபட்ச மழை. அதைக்கொண்டு நூறாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய மழையை மதிப்பிட வேண்டும்.

எண்கள் பேகம்பேட் வானிலை அலுவலகத்துப் பதிவேடுகளில் இருந்தன. கல்லூரிக் கடிதத்தோடு போனோம். ஒருவன் படிக்க, ஒருவன் லாங் சைஸ் நோட்டில் எழுத, மற்ற இருவரும் சரிபார்க்க, முப்பது எண்களைப் பொறுக்கி எடுக்கப் பத்து நாளாயிற்று. பிறகு பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினோம். ஆண்டுகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி வரிசை எண்ணால் வகுத்தால் மீள்வரவுக் காலம் வரும். முதலிடத்து மழைக்கு 31 ஆண்டு, இரண்டாவதற்குப் பதினைந்தரை. நால்வருக்கும் பொதுவாக ஒரு கால்குலேட்டர், ஓரம் கிழிந்த கிளார்க்ஸ் டேபிள். கோட்டியில் வாங்கிய கிராப் தாளில் புள்ளிகளை வைத்துக் கோடிழுத்தோம். ஒரு புள்ளி பிசகினால் ரப்பரால் அழித்து மறுபடி முதலிலிருந்து.

முதல் வரைபடத்தைப் பார்த்த எங்கள் கைடு, உச்சியில் இருந்த புள்ளியைச் சிவப்புப் பென்சிலால் சுழித்தார். 161.4 மில்லிமீட்டர். “அந்த வருஷம் நான் இந்த ஊரில்தானே இருந்தேன். இப்படி ஒரு மழை பெய்திருந்தால் எனக்கு ஞாபகம் இருக்குமே” என்றார். திரும்பிப் போய்ப் பதிவேட்டைப் புரட்டினோம். 61.4 என்றுதான் இருந்தது. பக்கத்துக் கட்டத்துக் கோட்டை ‘1’ என்று சேர்த்துப் படித்திருந்தோம். ஒரு கோட்டுக்காக மூன்று வாரக் கணக்கு வீணானது. தரவைச் சரிபார்ப்பது என்று இப்போது தனிப் பாடமாக வைத்திருப்பதை நாங்கள் கற்றது அந்தச் சிவப்புச் சுழியில்தான்.

அண்ணன் மகள் இப்போது இதே ஊரில் சி.எஸ்.இ. டேட்டா சயன்ஸ் படிக்கிறாள். அப்படி ஒரு பட்டப்படிப்பே அன்று கிடையாது. ஐ.ஐ.டி. ஐதராபாத் செயற்கை நுண்ணறிவுக்கென்று தனி பி.டெக். தொடங்கியது 2019-ல். அடுத்த சில ஆண்டுகளில் நகரத்தின் தனியார் கல்லூரிகளிலும் இப்படிப்பட்ட பிரிவுகள் நிரம்பிவிட்டன. நடுவில், இறுதியாண்டு ப்ராஜெக்டை விலைக்கு விற்ற அமீர்பேட்டுக்கும் ஒரு காலம் இருந்தது. மைத்ரிவனத்தைச் சுற்றிய சந்துகளில் தலைப்பு, நிரல், ஹார்ட் பைண்டிங் செய்த அறிக்கை, வைவாவுக்குரிய கேள்வி பதில் எல்லாம் ஒரே விலையில் கிடைத்தன. கணிப்பொறி வாங்க வசதியில்லாத மாவட்டத்துப் பிள்ளைகள் வேலைக்கான படிப்பைக் கற்றுக்கொண்டதும் அதே சந்துகளில்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அவளுடைய முதல் பயிற்சி டைட்டானிக் பயணிகள் பட்டியல். 891 வரிகள். யார் பிழைப்பார், யார் மூழ்குவார் என்று நிரல் கணிக்க வேண்டும். உலகம் முழுக்க மாணவர்கள் இதில்தான் கைபழகுகிறார்கள். குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கப்பல் மூழ்குவதற்கு நான்காண்டு முன்னால், 1908 செப்டம்பர் 28-ல், இதே ஊரில் மூசி ஆறு பெருகிப் பல ஆயிரம் பேரைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகுதான் பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவை நிஜாம் அழைத்தார். 1920-ல் உஸ்மான் சாகர் அணையும் 1927-ல் ஹிமாயத் சாகர் அணையும் எழுந்தன. அந்த வெள்ளத்தில் போனவர்களின் பெயர்களுக்குப் பட்டியல் இல்லை.

இறுதியாண்டுக்கு அவளும் மழையையே எடுத்தாள். நான் சொல்லித்தான் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. ஐம்பது ஆண்டுத் தினசரி மழை, பதினெட்டாயிரத்துச் சொச்சம் வரிகள், ஒரே கோப்பில் அவளிடம் இருந்தது. எங்களுக்குப் பத்து நாள் பிடித்த வேலை அவளுக்கு ஒரு வரி நிரல். நான்கு விதப் பரவல்களைப் பொருத்திப் பார்த்தாள், எது நன்றாகப் பொருந்துகிறது என்று சோதித்தாள். நாங்கள் கம்பெல் என்ற ஒரே பரவலோடு நின்றுகொண்டோம். இன்னொன்றைப் போட்டுப் பார்க்கத் தெம்பும் இல்லை, தாளும் இல்லை. இது சின்ன லாபமல்ல. சந்தேகம் வந்தால் உடனே போட்டுப் பார்க்கலாம் என்ற வசதி எங்களுக்கு வாய்க்கவே இல்லை.

வரைபடத்தைக் காட்டினாள். கோடு அழகாக இருந்தது. நூறாண்டு மழை என்று வந்த எண்தான் சிறியதாகப் பட்டது.

“2000 ஆகஸ்ட் எங்கேம்மா?”

“எந்த ஆகஸ்ட், சித்தப்பா?”

பேகம்பேட்டில் ஒரே நாளில் 24 சென்டிமீட்டர் பெய்த ஆகஸ்ட். 2020 அக்டோபரும் அதில் இல்லை. 191.8 மில்லிமீட்டர் பெய்து, காலனிகளில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. அப்போது அவள் பள்ளி மாணவி. மொட்டை மாடியிலிருந்து பார்த்தவள். நிரலைத் திறந்தாள். மேலே ஒன்பதாவது வரி, வகுப்பில் எல்லோரும் எழுதும் வரி: நடுப்பகுதியிலிருந்து வெகுதூரம் விலகிய எண்களை நீக்கு. “அவுட்லயர், சித்தப்பா. எல்லா டேட்டாவுக்கும் முதலில் இதைப் போடச் சொல்லியிருக்கிறார்கள்.” மழையே பெய்யாத நாள்கள்தான் ஆண்டில் பெரும்பகுதி. அந்த வாய்பாட்டுக்குக் கனமழை எல்லாமே விலகல்தான். வெள்ளத்தை அளக்கப் போனவள் வெள்ளத்தை வெளியே தள்ளிவிட்டுக் கணக்குப் போட்டிருந்தாள்.

எங்கள் பிழை, பெய்யாத மழையைச் சேர்த்தது. அவளுடையது, பெய்த மழையை நீக்கியது. எங்களுடையதைப் பிடித்தது ஊரில் குடியிருந்த ஒருவரின் நினைவு. பதினெட்டாயிரம் வரிகளை யார் நினைவில் வைத்திருக்க முடியும்? அதுவும் நியாயம்தான். ஆனால் 2020 அக்டோபர் மழையை அவளும் என்னைப் போலவே அறிவாள். கோப்பில் இருப்பது தன் ஊர் மழை என்று அவளுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். மொட்டை மாடியில் ஒரு மழைமானியை வைத்து ஒரு பருவம் முழுக்கக் காலை எட்டரை மணிக்கு அளந்து எழுதச் சொன்னால் இது தோன்றும் என்று நினைக்கிறேன். கைடுகள் யாராவது இதைப் படித்தால் யோசிக்கலாம்.

வைவா மார்ச்சில். ஒன்பதாவது வரியை எடுத்துவிட்டாள். ஏன் எடுத்தேன் என்று அறிக்கையில் அரைப் பக்கம் எழுதியிருக்கிறாள். கோடு இப்போது அவ்வளவு அழகாக இல்லை.