'ஆவன செய்க' என்றால் போதுமா?

ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் நீதிக்கல் ஒன்று உண்டு. அநீதிக்கு ஆளானவர்கள் மிளகாய் அரைத்து அதன்மீது பூசி முறையிடுவார்கள். களவு போனது எது, யார்மீது ஐயம், எது திரும்ப வேண்டும் என்று ஒன்று விடாமல் அம்மனிடம் சொல்வதே வழக்கம். அதே மக்கள் அலுவலகங்களுக்கு ஆங்கிலத்தில் எழுதும்போது, 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' என்று முடித்துவிடுகிறார்கள்.

என் உறவினர் ஒருவர் சென்ற ஆண்டு வீட்டுக் கடனை முழுவதும் அடைத்தார். அடமானம் வைத்த மூலப்பத்திரம் அவருக்குத் திரும்ப வேண்டும். 'கடன் முடிந்தது, டூ த நீட்ஃபுல்' என்று கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுதினார். 'கணக்கு முடிக்கப்பட்டது, நன்றி' என்று பதில் வந்தது, பத்திரம் வரவில்லை. இரண்டு மாதங்கள் காத்திருந்தார்.

இத்தொடரில் இலக்கணப் பிழை இல்லை. ஏழைகளை 'த பூர்' என்பதுபோல, 'த' சேர்ந்ததும் 'நீட்ஃபுல்' என்னும் பெயரடை பெயராகிவிடுகிறது. ஆகவே 'த' இல்லாமல் 'டூ நீட்ஃபுல்' என்று எழுதுவது பிழை. 'நீட்ஃபுல்ஸ்' என்பதும் பிழை. நம் 'ஆவன' பன்மை என்பதால் அந்த 'ஸ்' ஒட்டிக்கொண்டதோ என்னவோ! 'ப்ளீஸ்', 'கைண்ட்லி' இரண்டையும் சேர்த்து எழுதவும் தேவையில்லை; ஒன்று போதும். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அருகிப்போன இவ்வழக்கு நம் அலுவலகங்களில் இன்றும் நிலைத்திருக்கிறது.

பொருளில்தான் சிக்கல். தேவை இன்னது என்பதை முந்தைய வாக்கியம் சொல்லியிருந்தால் மட்டுமே 'தேவையானதைச் செய்க' என்பதற்குப் பொருள் உண்டு. இல்லையேல், தேவை எது என்று முடிவுசெய்யும் உரிமையை எதிர்த்தரப்பிடமே ஒப்படைத்துவிடுகிறோம்.

இரண்டாம் கடிதத்தை நான் எழுதிக் கொடுத்தேன். கடன் எண், அடைத்த தேதி இரண்டையும் குறித்தேன். மூலப்பத்திரத்தைத் திருப்பித் தரவேண்டும், நிலுவையில்லாச் சான்று வழங்கவேண்டும் என்று தனித்தனி வாக்கியங்களில் கேட்டேன். தனிநபர் கடன்களில், முழுத்தொகையும் செலுத்திய 30 நாள்களுக்குள் சொத்துப் பத்திரங்களைத் திருப்பித் தரவேண்டும்; தம்மால் தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.5,000 இழப்பீடு தரவேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கியின் விதி. வீட்டுக் கடனுக்கும் அது பொருந்தும். அதையும் சேர்த்தேன். பத்து நாள்களில் பத்திரம் வந்தது.

அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம். 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ் இங்கு ஆட்சிமொழி. ஆனால், 'ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன்' என்று மட்டும் எழுதினால் தமிழிலும் இதே கதைதான். கடிதத்தை எழுதி முடித்தபின் அந்த இறுதி வாக்கியத்தை விரலால் மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். நீங்கள் கேட்பது என்ன என்று அப்போதும் புரிந்தால், அவ்வாக்கியம் மரியாதைக்காக இருந்துவிட்டுப் போகட்டும். புரியாவிட்டால், அஞ்சலில் சேர்க்குமுன் இன்னொரு வாக்கியம் எழுதுங்கள்.