பூட்டும் சாவியும் யாருக்குச் சொந்தம்?

பூட்டுக்கேற்ற சாவி என்கிறோம். ஜெர்மானிய வேதியியல் அறிஞர் எமில் ஃபிஷரும் 1894ல் இந்த உவமையைத்தான் சொன்னார். உடலில் வேலை செய்யும் புரதத்தில் ஒரு பள்ளம். அதில் போய்ப் பொருந்தும் ஒரு சிறு மூலக்கூறு. காய்ச்சலுக்கும் கட்டிக்கும் நாம் விழுங்கும் மாத்திரைகளில் பல, இப்படி ஒரு பூட்டில் சிக்கிக்கொண்டு அதை இயங்கவிடாமல் தடுப்பவைதாம்.

பூட்டை எக்ஸ் கதிரால் படம்பிடித்துவிட்டால், எந்தச் சாவி பொருந்தும் என்று கணிப்பொறியிலேயே பார்த்துவிடலாம். எளிய வேலையா அது? இரும்புப் பூட்டு அசையாது. புரதமோ நெளிகிறது, விரிகிறது, சுருங்குகிறது. சுற்றிலும் தண்ணீர் வேறு முட்டி மோதுகிறது. ஒவ்வோர் அணுவின் அசைவையும், நொடியை இலட்சம் கோடியாகப் பங்கிட்டால் வரும் ஒரு துணுக்கைவிடச் சிறிய இடைவெளியில் கணக்கிட்டாக வேண்டும்!

அத்தனை கணக்குக்கும் பொறி யாரிடம் இருக்கிறது? கோடீசுவரக் கம்பெனிகளிடம் என்போம். 2020 மார்ச்சில் நடந்ததைக் கேளுங்கள். கொரோனா பரவிய வேளையில், 'ஃபோல்டிங் அட் ஹோம்' என்ற திட்டத்துக்கு உலகெங்கும் சாமானியர்கள் தம் வீட்டுக் கணிப்பொறிகளைச் சும்மா இருக்கும் நேரத்தில் இரவல் தந்தார்கள். கூலி இல்லை, மின்கட்டணமும் அவர்களுடையதே. எல்லாம் சேர்ந்து நொடிக்குப் போட்ட கணக்கு, ஒன்றுக்குப் பின்னே 18 சைபர்! அன்று உலகில் முதலிடத்தில் இருந்த கணிப்பொறியே பின்தங்கிற்று.

அந்த வலிமையைத் துணைகொண்டது 'கோவிட் மூன்ஷாட்' குழு. இங்கிலாந்தின் டயமண்ட் எக்ஸ் கதிர் நிலையம் வைரஸின் புரதம் ஒன்றைப் படம்பிடித்து ஊரறிய வெளியிட்டது. பல நாட்டு வேதியியலார் 18,000க்கு மேற்பட்ட சாவி வடிவங்களை அனுப்பினர். கணிப்பொறி சலித்தெடுத்தது. அது 'பொருந்தும்' என்றால் போதுமா? சோதனைக் குழாயும் ஒப்ப வேண்டாமா? ஆகவே 2,400க்கு மேற்பட்டவற்றை உண்மையாகவே செய்து பார்த்தனர். 2023 நவம்பரில் 'சயின்ஸ்' இதழில் முடிவுகள் வந்தன. காப்புரிமை கோரவில்லை; அளந்தது அனைத்தும் பொதுச்சொத்து.

அப்போதும் அவர்களுடைய மூலக்கூறு மனிதரிடம் சோதிக்கும் கட்டத்தை எட்டவில்லை. ஆனால் அவர்கள் திறந்து வைத்த படங்களையும் பயன்படுத்தி உருவான ஒரு ஜப்பானியக் கம்பெனியின் 'என்சிட்ரெல்விர்' மாத்திரைக்கு, அந்நாட்டு அரசு 2022 நவம்பரிலேயே அவசர அனுமதி வழங்கிவிட்டது. எடுத்தது குற்றமன்று, எவரும் எடுக்கலாம் என்றுதானே வைத்தார்கள்! அந்த மாத்திரையின் விலையை முடிவு செய்யும் மேசையில் மட்டும், படத்தை இலவசமாகக் கொடுத்தவர்களுக்கு நாற்காலி இல்லை.