கொறுக்காய்ப் புளியும் எவர்சில்வர்ச் சட்டியும்

1987ஆம் ஆண்டு ஜனவரியில் 'நேச்சர்' ஆய்விதழில், கண்டி ஹந்தானை வீதியிலுள்ள அடிப்படை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கீர்த்தி தென்னகோனும் எஸ். விக்கிரமநாயக்கவும் எழுதிய ஒரு சிறு குறிப்பு வெளிவந்தது. பத்து இலட்சத்தில் ஒரு பங்கு புளோரைட்டு கலந்த நீரைச் சித்திரிக் அமிலத்தால் புளிப்பாக்கி, அலுமினியப் பாத்திரத்தில் பத்து நிமிடம் கொதிக்க வைத்தால், பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 200 பங்கு அலுமினியம் அதில் கரைந்துவிடுகிறது என்பது அதன் சாரம். பிற ஆய்வகங்கள் அதே சோதனையைச் செய்தபோது அவ்வளவு பெரிய அளவு கிடைக்கவில்லை; கண்டி ஆய்வாளர்களும் அதே ஆண்டிலேயே தம் எண்களைத் திருத்திக்கொண்டனர். எண் வீழ்ந்ததே தவிர, அதன் பின்னிருந்த வேதியியல் வீழவில்லை. உலோகத்தின் மேற்பரப்பை மூடிக் காக்கும் ஒட்சைட்டுப் படலத்தை அமிலம் அரிக்கும் என்பதும், அலுமினிய அயனிகளைப் புளோரைட்டு இறுகப் பற்றிக் கரைசலுக்குள் இழுத்துக்கொள்ளும் என்பதும் ஐயத்துக்கு இடமில்லாதவை.

அலுமினியத்தின் மீது ஐயம் எழுந்த வீடுகள் நாடுவது எவர்சில்வரை. அதுவும் கரையாத பொருளன்று. இரும்புடன் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கலந்த உலோகக் கலவையே பரவலாகப் புழங்கும் வகை. அதன் துருவின்மைக்குக் காரணம், காற்றுப்பட்டதும் மேற்பரப்பில் தானாக உருவாகும், சில நனோமீற்றர் தடிப்பேயுள்ள குரோமியம் ஒட்சைட்டுப் படலம். கீறினாலும் மீண்டும் வளர்ந்து மூடிக்கொள்ளும் இப்படலத்தைப் புளிப்பு மெல்லக் கரைக்கிறது. உப்பிலுள்ள குளோரைட்டு ஆங்காங்கே துளைக்கிறது. வெப்பமும் நேரமும் இவ்விரண்டையும் விரைவுபடுத்துகின்றன.

இந்நான்கும் ஒரே சட்டியில் கூடும் உணவு இலங்கையில் உண்டு. கொறுக்காய்ப் புளியை அரைத்து, மிளகும் உப்பும் சேர்த்து மீன் துண்டுகளில் பூசி, நீர் வற்றும்வரை சிறு தீயில் வேகவைக்கும் அம்புல் தியல், பல நாள் கெடாமல் இருப்பதும் அந்தப் புளியினாலேயே. இதைச் சமைக்க வழக்கமாக எடுப்பது மண்சட்டி. முன்னோர் இவ்வேதியியலை அறிந்திருந்தனர் என்று பெருமைகொள்ள வேண்டியதில்லை. எனினும் கரைவதற்கு நிக்கலோ குரோமியப் படலமோ இல்லாத கலத்தில் அது வெந்தது என்பது மெய்யே.

கரையும் அளவை அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2013இல் தக்காளிக் குழம்பைக் கொண்டு அளந்தனர். புதிய எவர்சில்வரில் ஆறு மணி நேரம் கொதித்த குழம்பில், எவர்சில்வரின் தரத்தைப் பொறுத்து நிக்கல் 26 மடங்கு வரையும் குரோமியம் 7 மடங்கு வரையும் உயர்ந்தன. அதே உலோகத்தில் திரும்பத் திரும்பச் சமைக்கக் கசிவு குறைந்து, ஆறாம் முறைக்குப் பின் ஏறக்குறைய நிலைபெற்றது; பத்தாம் முறையில் 126 கிராம் குழம்பில் சராசரியாக 88 மைக்ரோகிராம் நிக்கல் இருந்தது.

மடங்குக் கணக்கு அச்சமூட்டுவது. எடைக் கணக்கு அவ்வாறன்று. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2020இல் வகுத்த நிக்கல் வரம்பு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 13 மைக்ரோகிராம், அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு 780 மைக்ரோகிராம். உணவில் கரையும் குரோமியமும் பெரும்பாலும் நச்சுத்தன்மை குறைந்த மூவலுவளவு வடிவமே. விலக்கு ஒரு சாராருக்கு உண்டு: காதணியாலும் கைக்கடிகாரப் பட்டியாலும் தோல் அரிப்புறும் நிக்கல் ஒவ்வாமையுடையோர் சிலருக்கு, உணவு வழியே சேரும் சிற்றளவும் தடிப்பைத் தூண்டலாம். அவர்கள் புளிக்குழம்பையும் அச்சாற்றையும் கண்ணாடியிலோ மண்ணிலோ வைத்திருப்பது தகும். ஏனையோர் புதிய பாத்திரத்தில் முதற் சில முறை புளிப்பில்லாதவற்றைச் சமைப்பதோடு, புளிக்கறியை அடுப்பிலிருந்து இறக்கியபின் அதே சட்டியில் இரவு முழுவதும் விட்டுவைக்காதிருந்தால் போதும்.