செவி செய்யும் கணக்கு

கோவில் திருவிழாவில் நாகசுரமும் தவிலும் ஒருங்கே முழங்குகின்றன. கூட்டத்தில் ஒருவர் மற்றொருவரைப் பெயர்சொல்லி அழைக்கிறார். இவையாவும் காற்றில் கலந்து ஒரே அலையாகச் செவிப்பறையை அடைகின்றன. செவிப்பறையோ முன்னும் பின்னும் அசையும் மெல்லிய சவ்வு மட்டுமே. ஆயினும் இது நாகசுரம், இது தவில், இது மனிதக் குரல் எனக் கேட்பவர் பிரித்தறிகிறார். கலந்த ஒலி எங்ஙனம் பிரிகிறது?

கணிதம் தந்த விடை

பிரெஞ்சுக் கணித அறிஞர் ஜோசப் ஃபூரியர் (1768-1830) ஆராய்ந்தது ஒலியை அன்று; திடப்பொருளில் வெப்பம் பரவும் முறையை. சிக்கலான வளைவையும் எளிய சைன் அலைகளின் கூட்டலாக எழுதலாம் என 1807இல் அவர் கூறியபோது, லெக்ராஞ்சி போன்ற பேரறிஞரே அதனை ஏற்கவில்லை. ஃபூரியரின் நூல் 1822இல் வெளிவந்தது. அக்கருத்தின் வளர்ச்சியே ஃபூரியர் உருமாற்றம்.

200 ஹெர்ட்ஸ், 300 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட இரு இசைக்கவைகளை ஒருங்கே ஒலிக்கச் செய்தால், நொடிக்கு 100 முறை மீளும் புதிய அலை தோன்றும். அதன் வடிவைக் கண்ணால் நோக்கிக் கூறுகளை உணர்வது அரிது. உருமாற்றம் செய்தால் 200இலும் 300இலும் இரு முகடுகள் எழும். எந்த அதிர்வெண் எவ்வளவு வீச்சுடன் உள்ளது என்பதை அது காட்டிவிடுகிறது.

செவியினுள் நிகழ்வது

உட்செவியில் நத்தை ஓடுபோல் சுருண்ட காக்ளியா உள்ளது. அதனுள் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் நீளமுள்ள அடித்தளச் சவ்வு அமைந்துள்ளது. அது நுழைவாயிலருகே குறுகி விறைப்பாகவும், உச்சியில் அகன்று நெகிழ்வாகவும் இருக்கிறது. ஆதலால் உயர் அதிர்வெண்கள் நுழைவாயிலருகிலும் தாழ் அதிர்வெண்கள் உச்சியருகிலும் சவ்வை மிகுதியாக அசைக்கின்றன. அவ்வவ்விடத்து மயிர்ச்செல்கள் அசைவை மின்குறிப்புகளாக்கி நரம்புவழி மூளைக்கு அனுப்புகின்றன. சவ்வின்மீது ஓடும் இவ்வலையைக் கண்டறிந்த கியார்க் வான் பெக்கேசி 1961இல் நோபல் பரிசு பெற்றார்.

எனினும் செவி கணிதத்தின் நேர்படி அன்று. 200, 203 ஹெர்ட்ஸ் ஒலிகளை அது பிரிப்பதில்லை. நொடிக்கு மூன்று முறை ஏறி இறங்கும் ஒரே ஒலியாகவே கேட்கிறது.

இழந்தால் மீளாதது

மனிதரின் மயிர்ச்செல்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. பேரிரைச்சல் பெரும்பாலும் உயர் அதிர்வெண்களை உணரும் செல்களையே முதலில் தாக்குகிறது. அப்போது 'ச' போன்ற மெய்யொலிகள் மங்கும். பேச்சு கேட்கும், சொல் விளங்காது. செவியில் பொருத்தப்படும் காக்ளியா கருவியும் ஒலியை அதிர்வெண்வாரியாகப் பிரித்தே நரம்பைத் தூண்டுகிறது. ஆயினும் அதன் மின்முனைகள் சிலவே; இயற்கை தந்த மயிர்ச்செல்களோ பல்லாயிரம். இயர்போனின் ஒலியளவைக் கூட்டும் விரல் இதனை நினைவிற்கொள்ளுதல் நன்று.