சென்னை ஆட்டமா, மும்பை ஆட்டமா?

எம்.ஜி.ஆரா, சிவாஜியா என்று மாதுங்கா மாடி வீடுகளில் பெரியவர்கள் தொண்டை வறள வாதிட்ட காலம் ஒன்றிருந்தது. அவ்வழக்குக்கு இன்றளவும் தீர்ப்புக் கிடைக்கவில்லை. இப்பொழுது அப்பெரியவர்களின் பேரப்பிள்ளைகள் தாராவிச் சந்துகளிலும் செம்பூர்க் குடியிருப்புகளிலும் புதியதொரு வழக்கைத் தொடுத்து நடத்தி வருகின்றனர். கைப்பேசியில் ஆடும் கிரிக்கெட் விளையாட்டுகளுள் ‘வேர்ல்டு கிரிக்கெட் சாம்பியன்ஷிப்’ சுவை மிக்கதா, ‘ரியல் கிரிக்கெட்’ சுவை மிக்கதா என்பதே வழக்கு. முன்னதைப் பிள்ளைகள் ‘டபிள்யூ.சி.சி.’ என்று சுருக்கி அழைப்பர். அது சென்னையில் பிறந்தது. மற்றது மும்பைப் பக்கம் பிறந்தது. ஒரு கால் அங்கும் ஒரு கால் இங்குமாக வாழும் நம் போன்ற குடும்பங்களுக்கு இவ்வழக்கில் தனிச் சுவை உண்டு என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

பிள்ளைகள் சண்டைக்கு ஒரு கட்டுரையா என்று மூத்த அன்பர்கள் முகம் சுளிக்கலாம். சற்றுப் பொறுத்தருள வேண்டும். நம் சங்கத்து வீடுகள் பலவற்றில் அறை ஒன்று, கைப்பேசி ஒன்று, அதற்கு உரிமை கோருவோர் மூவர் அல்லது நால்வர். தந்தை வேலையிலிருந்து திரும்பிய பின்னரே கைப்பேசி பிள்ளைகள் கைக்கு வரும். அதில் ஊர்ப் படங்களும், உறவினர் திருமணப் படங்களும், பள்ளிப் பாடங்களும் அடைத்துக்கொண்டது போக மிஞ்சும் இடத்தில் இரண்டு ஆட்டங்கள் தங்கா. ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டுமாயின் மற்றொன்றை நீக்கியாக வேண்டும். அண்ணன் ஒன்றைக் கேட்க, தங்கை மற்றொன்றைக் கேட்க, தாயார் இரண்டையும் அழித்துவிடுவேன் என்று அச்சுறுத்த, வழக்கு வலுக்கிறது. ஆதலின் விசாரிப்பதில் பிழையில்லை.

சென்னைக்கும் மும்பைக்கும் கிரிக்கெட்டில் உள்ள பகை இன்று நேற்று வந்ததன்று. 1958-59 முதல் 1972-73 வரை பதினைந்து ஆண்டுகள் தொடர்ச்சியாக ரஞ்சிக் கோப்பையைப் பம்பாய் அணி வென்று வந்தது. அவற்றுள் 1967-68, 1972-73 ஆகிய இருமுறை இறுதி ஆட்டத்தில் தோற்றவர்கள் நம்மவர்களே. 2002-03, 2003-04 இறுதி ஆட்டங்களிலும் அதே கதை. 2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தாராவிக்கு அண்மையிலுள்ள பாந்த்ரா-குர்லா மைதானத்தில் நடந்த அரையிறுதியிலோ தமிழகம் ஓர் இன்னிங்ஸும் 70 ஓட்டங்களும் பின்தங்கித் தோற்றது. 1954-55, 1987-88 ஆகிய இரண்டு வெற்றிகளைப் பற்றிக்கொண்டு, இவ்வூரில் எத்தனை நாள்தான் வாய் பேசுவது! ஐ.பி.எல். பந்தயத்தில் இரு நகரத்து அணிகளும் ஐந்தைந்து கோப்பைகளுடன் சமமாய் நிற்பதே நமக்குள்ள ஆறுதல். இத்தகைய முன்கதை இருக்கையில், சென்னையார் செய்த ஆட்டமும் மும்பையார் செய்த ஆட்டமும் ஒரே கைப்பேசியில் போட்டியிடுகின்றன என்றால் பிள்ளைகள் சும்மா இருப்பரோ?

இவ்விரண்டுக்கும் முன்னோர் உண்டு. கணினிக் கடைகளில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆடிய தலைமுறை, அமெரிக்க நிறுவனமான ஈ.ஏ. 2006ஆம் ஆண்டு இறுதியில் வெளியிட்ட ‘கிரிக்கெட் 07’ என்ற ஆட்டத்தை மறக்கவில்லை. ரிச்சி பெனோவும் மார்க் நிக்கலஸும் அதில் வர்ணனை சொன்னார்கள். அதன் பின்னர் அந்நிறுவனம் அவ்வரிசையைத் தொடரவில்லை. பிரயன் லாரா பெயரில் ஆட்டங்கள் வெளியிட்ட ஆங்கிலேயரும் 2010க்குப் பின் ஒதுங்கிக்கொண்டனர். கால்பந்துக்கு உலகெங்கும் சந்தை. கிரிக்கெட்டுக்கோ சில நாடுகளே சந்தை. அந்நாடுகளிலும் பணம் கொடுத்து வட்டு வாங்குவோர் சிலரே. மேனாட்டார் விட்டுச்சென்ற அவ்விடத்தில்தான், விலை குறைந்த கைப்பேசியை நம்பி நம் நாட்டார் புகுந்தனர்.

சென்னையிலுள்ள நெக்ஸ்ட்வேவ் மல்ட்டிமீடியா என்ற நிறுவனத்தை நடத்திய பி.ஆர். இராஜேந்திரனும் பி.ஆர். ஜெயஸ்ரீயும் டபிள்யூ.சி.சி.யை உருவாக்கியவர்கள். அதன் இரண்டாம் பதிப்பு 2015ஆம் ஆண்டிலும், மூன்றாம் பதிப்பு 2020ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. ரியல் கிரிக்கெட்டை அளித்தது, 2013ஆம் ஆண்டில் அனுஜ் மங்கர் தொடங்கிய நாட்டிலஸ் மொபைல். இவ்வாட்டம் பஞ்சாங்கத்தைப் போல ஆண்டின் எண்ணையே பெயரோடு சேர்த்துக்கொண்டு ‘18’, ‘20’, ‘22’, ‘24’ என்று வளர்ந்து வந்துள்ளது. 2016ஆம் ஆண்டு செப்டெம்பருக்குப் பின் இணைய வசதி மலிந்தது இரண்டுக்குமே வாழ்வளித்தது.

இனி, ஆடும் சுவைக்கு வருவோம். இரண்டிலும் ஆடும் முறை ஏறத்தாழ ஒன்றே. திரையின் இடப்புறம் திசையைத் தேர்ந்து, வலப்புறம் அடியைத் தேர்ந்து, பந்து வரும் கணத்தில் விரலை வைக்க வேண்டும். கணம் முந்தினும் பிந்தினும் பந்து வானில் உயர்ந்து எவர் கையிலாவது அடைக்கலம் புகும். ஆயின் அந்தக் கணத்தை இரு ஆட்டங்களும் வெவ்வேறு விதமாக அளக்கின்றன. டபிள்யூ.சி.சி. தாராள மனத்தது. ஏறக்குறையச் சரியாய் விரல் வைத்தாலும் போதும், பந்து எல்லைக்கோட்டைத் தாண்டுகிறது. பிள்ளைக்கு உற்சாகம் பொங்குகிறது. ரியல் கிரிக்கெட் சற்றுக் கறார்ப் பேர்வழி. அதன் ‘20’ஆம் பதிப்பில் ஆட்டக்காரர்களைத் தற்காப்பு, சமநிலை, துணிவு, முரட்டடி என்று தன்மைக்கேற்ப வகுத்து, ஒவ்வொருவருக்கும் உரிய அடிகளை மட்டுமே வழங்கினர். தற்காப்புக்காரரைக் கொண்டு சிக்சர் அடிக்க முயன்றால் அவமானமே மிஞ்சும். இது நல்ல சூழ்ச்சி என்பது என் கருத்து. யாரைக் களமிறக்குவது, எவரை எப்பொழுது அனுப்புவது என்று சிந்திக்க வைக்கிறது. அதே பதிப்பில் இளஞ்சிவப்புப் பந்தில் விளக்கொளியில் டெஸ்டு ஆடவும் வழி செய்திருந்தனர். பொறுமையுள்ள பிள்ளை ஒரு டெஸ்டு ஆட்டத்தைப் பல நாள் நீட்டி ஆடுவதைப் பார்த்தால், அவன் பரீட்சைக்கும் இப்படிப் படிக்கலாகாதா என்றுதான் பெற்றோருக்குத் தோன்றும்.

காட்சிச் சிறப்பில் சென்னையார் கை ஓங்கி நிற்கிறது. இரண்டாம் பதிப்பிலேயே 150க்கு மேற்பட்ட மட்டையசைவுகளும் 28 வகைப் பந்துவீச்சு முறைகளும் உண்டென்று அறிவித்தனர். மூன்றாம் பதிப்பில் மெய்யான மனிதர்களின் உடலசைவைக் கருவியால் பதிவு செய்து சேர்த்தனர். பாய்ந்து பிடிக்கும் களவீரர், எறிந்த பந்து குச்சியைத் தகர்க்கும் கணம் யாவும் கண்ணுக்கு விருந்து. மழை குறுக்கிட்டு, டக்வொர்த்-லூயிஸ் கணக்கின்படி இலக்குக் குறையும் ஆட்டமும் அந்த இரண்டாம் பதிப்பில் உண்டு. 1948 முதல் அடைமழைக் காலத்திலேயே காங்கா லீக் நடத்திவரும் இந்நகரத்தார், கைப்பேசிக்குள்ளும் மழை பெய்வதைக் கண்டு நகைப்பர். மழையை வரவழைக்க வேண்டும் என்று தோன்றியது இந்நகரத்தாருக்கன்று, தண்ணீருக்குத் தவங்கிடக்கும் சென்னையாருக்கு என்பதே வேடிக்கை.

பெயர் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். புகழ்பெற்ற ஆட்டக்காரரின் பெயரைப் பயன்படுத்த உரிமைப்பணம் தர வேண்டும். தராதவர்கள் ஓர் எழுத்தை மாற்றிப் போட்டுப் பிழைத்துக்கொள்வர். ‘கிரிக்கெட் 07’ காலத்திலிருந்தே இவ்வழக்கம் உண்டு. ரியல் கிரிக்கெட்டார் பிற்காலத்தில் உரிமை பெற்றுப் பன்னாட்டு ஆட்டக்காரர் பலரின் உண்மைப் பெயரைச் சேர்த்தது பாராட்டத்தக்கது. ஆயினும் டபிள்யூ.சி.சி.யின் இரண்டாம் பதிப்பில் அணியினரின் பெயரை நாமே மாற்றி எழுதலாம் என்ற வசதியை நம் பிள்ளைகள் பயன்படுத்தும் அழகே அழகு. தாராவியின் தொண்ணூறடிச் சாலைப் பக்கம் ஒரு சிறுவன், தன் சந்தில் டென்னிஸ் பந்தில் ஆடும் தோழர் பத்துப் பேரையும் இந்திய அணியில் சேர்த்து வைத்திருந்தான். பதினோராவதாகத் தன் தங்கையின் பெயர். அவளோ, முதலில் இறங்கும் ஆட்டக்காரியாகத் தன்னைப் போட்டாலொழியக் கைப்பேசியைத் தரமாட்டேன் என்று பிடிவாதமாய் உட்கார்ந்திருந்தாள். உண்மைப் பெயர்களுக்கு உரிமை வாங்கியவர்களால் இந்த இன்பத்தை விலைக்கு வாங்க இயலாது.

வர்ணனையில்தான் எனக்குப் பாரபட்சம் வந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். ரியல் கிரிக்கெட்டில் பம்பாய் அணிக்கு ஆடிய சஞ்சய் மஞ்ச்ரேக்கரின் குரல் ஒலித்தது. டபிள்யூ.சி.சி.யின் மூன்றாம் பதிப்பில் மேத்யூ ஹேடனும் இசா குஹாவும் ஆங்கிலத்தில் பேசுகின்றனர். தமிழகத்து அபினவ் முகுந்த் குரலும் அதில் உண்டு. விருப்பத்தைத் தமிழுக்கு மாற்றிவிட்டால் ஆட்டம் முழுவதும் தமிழில் நிகழ்கிறது. வானொலியில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் வர்ணனையைக் கேட்டு வளர்ந்த திருநெல்வேலிச் சீமையார் தாராவியில் எத்தனையோ பேர். அவர்களின் பேரன் பள்ளியில் ஆங்கிலமும், தெருவில் இந்தியும், தோழரிடம் மராத்தியும் பேசுகிறான். வீட்டில் மட்டுமே தமிழ். அதுவும் ‘சாப்பிட்டாயா, குளித்தாயா’ என்ற அளவில். ‘எல்லைக்கோடு’, ‘தடுப்பாட்டம்’, ‘சுழற்பந்து’ என்ற சொற்களை அவன் இவ்வாட்டத்தில்தான் முதன்முதல் செவிமடுக்கிறான். பாடநூல் தராத பயிற்சி இது. எனினும், தமிழ் பேசுகிறது என்பதற்காக ஆட்டமும் நன்றாயிருப்பதாகச் சான்று வழங்குதல் நேர்மையாகாது. வர்ணனை நாலைந்து நாளில் திரும்பத் திரும்ப ஒரே பல்லவி பாடத் தொடங்குகிறது. பிள்ளைகள் ஒலியை அடக்கிவிட்டே ஆடுகின்றனர்.

இரண்டிலும் உள்ள குறை பந்துவீச்சு. பந்து விழும் இடத்தைக் குறித்து, வேகத்தை அளந்து, விரலை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. அடிக்கும் முறை முடிந்து வீசும் முறை வந்தால் ஆட்டத்தையே கலைத்துவிட்டுப் புதிதாய்த் தொடங்கும் பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். வீசுவோனின் தந்திரத்தைச் சுவையாக்கும் வித்தை இருவருக்கும் இன்னும் முழுமையாகக் கைவரவில்லை. எதிரே உயிருள்ள ஒருவன் அமர்ந்தால் மட்டுமே வீச்சில் விறுவிறுப்பு உண்டாகிறது. செம்பூரில் இருப்பவனும் அம்பாசமுத்திரத்தில் இருக்கும் அவன் மாமன் மகனும் ஒரே நேரத்தில் எதிரெதிரே ஆடலாம். டபிள்யூ.சி.சி.யிலும் அதற்கு வழியுண்டு. என்றாலும் ஒருவருக்கு ஒருவராகவும் இருவருக்கு இருவராகவும் ஆடும் ஏற்பாட்டில் ரியல் கிரிக்கெட்டே ஒரு படி மேல். கோடை விடுமுறைக்கு மட்டுமே சந்திக்கும் உறவுப் பிள்ளைகளுக்கு இது சிறிய இலாபமன்று.

இவ்விடத்தில் ஒரு செய்தி. ‘நம்ம ஊர் ஆட்டம்’ என்று மார்தட்டும் இரு கட்சியாருக்கும் இது கசக்கலாம். சென்னை நெக்ஸ்ட்வேவ் நிறுவனத்தின் பெரும்பங்கை 2018 வாக்கில் வாங்கியது மும்பையின் நசாரா டெக்னாலஜீஸ். நாட்டிலஸ் மொபைலில் முதலில் ஜெட்சிந்தசிஸ் நுழைந்தது. 2022இல் தென்கொரியாவின் கிராஃப்டான் முதலிட்டது. 2025இல் அதுவே ஆளும் பங்கைப் பெற்றது. பப்ஜி ஆட்டத்தைப் படைத்த அதே கிராஃப்டான்தான். ஆக, சென்னை ஆட்டத்துக்கு மும்பை முதலாளி, மும்பை ஆட்டத்துக்குக் கொரிய முதலாளி!

பெற்றோர் செவிக்கு ஒரு சொல். இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் உள்ளே நாணயம், மட்டை, போட்டி என்று ஒவ்வொன்றுக்கும் விலை வைத்திருக்கின்றனர். விளம்பரம் பார்த்தும் சம்பாதிக்கலாம், பணம் செலுத்தியும் பெறலாம். 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் நிறைவேறிய மத்தியச் சட்டம், பணம் வைத்துப் பணம் வெல்லும் இணைய ஆட்டங்களைத் தடை செய்தது. இவ்விரு ஆட்டங்களும் அவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. இவற்றில் பணம் போகும், திரும்பி வராது. கைப்பேசியிலேயே பணம் செலுத்தும் வசதியுள்ள இந்நாளில், வாங்குவதற்குக் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்துவிட்டு, அச்சொல்லைப் பிள்ளையிடம் சொல்லாதிருத்தல் நலம்.

தீர்ப்புக் கேட்போர்க்கு என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். தனியே அமர்ந்து நீண்ட ஆட்டம் ஆடும் பொறுமைசாலிக்கும், தொலைவிலுள்ள தோழனோடு மோத விரும்புவோனுக்கும் ரியல் கிரிக்கெட். அறை ஒன்று, கைப்பேசி ஒன்று, பிள்ளைகள் மூவர் என்ற வீட்டுக்கு டபிள்யூ.சி.சி. அதிலும் பளபளக்கும் மூன்றாம் பதிப்பன்று. 2015ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பு. பழைய கைப்பேசியிலும் தடுமாறாமல் ஓடுகிறது, இரண்டு ஓவர் ஆட்டம் சில நிமிடங்களில் முடிந்து அடுத்தவர் முறை வந்துவிடுகிறது, சிக்சருக்கும் குறைவில்லை. தமிழ் வர்ணனை வேண்டுவோர் மட்டும், கைப்பேசியில் இடமிருப்பின், மூன்றாம் பதிப்புக்குப் போகலாம். திருமணப் படங்களில் பாதியை அழிக்க வேண்டி வரும். அதற்குத் தாயாரின் அனுமதி பெறுவது பிள்ளைகள் பொறுப்பு.