நிதானமே கொள்கையாக வாழ்ந்த பத்ருத்தீன் தையப்ஜி

காங்கிரஸ் மகாசபையின் முதல் முஸ்லிம் தலைவர் யார் என்று பள்ளிப்பட்டில் ஒரு மாணவனிடம் கேட்டேன். "மௌலானா ஆஸாத்" என்று தயங்காமல் கூறினான். மௌலானா முதன்முறை தலைமையேற்றது 1923இல். அதற்கு 36 ஆண்டுகளுக்கு முன்பே, நம் சென்னை ஆயிரம் விளக்கில், மக்கீஸ் தோட்டத்தில் கூடிய 607 பிரதிநிதிகளுக்குத் தலைமை தாங்கியவர் பம்பாய் பாரிஸ்டர் பத்ருத்தீன் தையப்ஜி.

1887 டிசம்பர் இறுதி அது. பொது நன்மைக்காக மற்றச் சமூகத்தாருடன் முஸ்லிம்கள் சேர்ந்து உழைக்கத் தடையேதும் இல்லையென அவர் இங்கே எடுத்துரைத்தார். அதே நாள்களில், டிசம்பர் 28ஆம் தேதி, லக்னோவில் ஸர் ஸையித் அஹ்மத் கான் காங்கிரஸை வன்மையாகக் கண்டித்துப் பேசினார். இருவருமே சமுதாயத்தின் கல்விக்காகப் பாடுபட்ட பெருமக்கள்! தையப்ஜி சினங்கொள்ளவில்லை, கடிதம் எழுதினார். முஸ்லிம்களுக்குத் தீங்கான தீர்மானங்களை உள்ளே இருந்தே தடுப்போம், அனைவருக்கும் நலம் தருவனவற்றை ஆதரிப்போம் என்பதே அவரது வாதம்.

வாதத்தோடு நிற்கவில்லை. முஸ்லிம் பிரதிநிதிகள் ஒருமுகமாகவோ, ஏறக்குறைய ஒருமுகமாகவோ எதிர்க்கும் பொருளை விவாதத்துக்கே எடுக்கலாகாது என்றொரு விதியை வற்புறுத்தினார். 1888இல் அலகாபாத் மாநாடு அதனை ஏற்றது. சிறுபான்மையினரின் அச்சத்தை உபதேசத்தால் அன்றி விதியால் போக்க முனைந்த இச்செயலே அவருடைய மிகச் சிறந்த பணி என்பேன்.

ஆனால் அதே ஆண்டு அக்டோபரில், சமுதாயத்தின் எதிர்ப்பு வலுப்பதைக் கண்டு, காங்கிரஸைக் குறைந்தது ஐந்தாண்டுகள் ஒத்திவைக்கலாம் என்று ஹியூமுக்கு எழுதினார். இதை என்னால் ஒப்ப இயலவில்லை. ஐந்தாண்டு மௌனத்தில் ஐயம் தீர்ந்துவிடுமா? ஹியூமும் இணங்கவில்லை. அமெரிக்காவிலும் ஜான் டிக்கின்ஸன் என்பார் இவ்வாறே காலம் கனியவில்லையெனக் கருதி, 1776இல் சுதந்திரப் பிரகடனத்தில் கையொப்பமிட மறுத்தார். பழிச்சொல் சூழ்ந்தபோதும் போராட்டத்தை அவர் கைவிடவில்லை. படையில் சேர்ந்து பணியாற்றினார்.

தையப்ஜியையும் கோழையென எவரும் எண்ணிவிடலாகாது. 1895இல் பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதியானார். 1897இல் ராஜத்துரோக வழக்கில் கைதான பால கங்காதர திலகருக்குப் பிற நீதிபதிகள் ஜாமீன் மறுத்திருந்தனர். மனு தையப்ஜியிடம் வந்தது. அரசாங்கத்தின் சம்பளம் பெறும் நீதிபதிதாம். எனினும் ஆகஸ்ட் மாதத்தில் ஜாமீன் வழங்கினார்.

1906 ஆகஸ்டில் லண்டனில் அவர் வஃபாத்தானார். அதே ஆண்டு டிசம்பரில் டாக்காவில் முஸ்லிம் லீக் பிறந்தது.